வரித்தலை வாத்தும் அத்தையின் கண்ணும்

திருநெல்வேலிக்குத் தெற்கே சுமார் 33 கி.மீ. தூரத்தில், நாங்குநேரி பக்கம் இருக்கிறது கூந்தன்குளம். குளிர்காலம் பிறந்தால் அந்தக் குளத்துக்கு எங்கெங்கிருந்தோ வாத்துகள் விருந்தாட வந்துவிடும். 1994-ல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் காவல். பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரமாச்சே!

போன தை மாதம் என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். வால் ஊசிபோல் நீண்ட ஊசிவால் வாத்து, அகப்பைபோல் அகன்ற அலகால் தண்ணீரைச் சலித்துத் தின்னும் தட்டைவாயன் எல்லாம் கூட்டங்கூட்டமாக மிதந்தன. கரையோரம் வரித்தலை வாத்துகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. திபெத், மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை! அந்த உயரத்தில் நமக்கு மூச்சு முட்டிப் போகும். இதன் இரத்தத்துக்கோ, காற்று குறைந்த இடத்திலும் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும் சக்தி அதிகமாம்.

"கோடு தெரியுதா அத்தே?" என்றேன்.

"ஏளா, எனக்கு வெள்ளையா பொகை மாதிரில்லா தெரியுது. சத்தம்தான் கேக்கு" என்றார்கள்.

கண்புரை என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாயிற்று. "கண்ணுல கத்தி வைக்கவா?" என்று பிடிவாதம். நாங்கள் கெஞ்சியும் கேட்கவில்லை, அதட்டியும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவர்களாகவே, "அது பனிமலையைத் தாண்டி வருது. நான் ஒரு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டப் பயப்படுதேன்" என்றார்கள்.

மறுவாரமே ஆபரேஷன். அன்று மாலையே வீடு திரும்பிவிட்டோம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டேன். டாக்டர் சொன்ன நாள்வரை தலைக்குக் குளிக்கவிடவில்லை, அடுப்படிப் பக்கம் வரவிடவில்லை. மாசிக் கடைசியில், வாத்துகள் கிளம்புமுன் மறுபடி போனோம். அத்தை கோட்டை எண்ணிச் சொல்லிவிட்டு, அலகு மஞ்சள் என்பதையும் எனக்குக் காட்டினார்கள்!

சகோதரிகளே, நீங்களும் மார்கழி, தை மாதங்களில் ஒருநாள் போய்வாருங்கள். காலை வேளை நல்லது. மழை பொய்த்துக் குளம் வற்றினால் வாத்து இறங்காது; தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கண் மங்கிய பெரியவர்கள் இருந்தால், அவர்களையும் அழைத்துப் போங்கள்.