களுபோவிலையிலிருந்து ஒரு மீற்றர் தேடி

களுபோவில என்றதும் எங்களில் பலருக்கு நினைவில் வருவது ஆஸ்பத்திரிதான். கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊர்ச்சனத்துக்கு அது களுபோவில ஆஸ்பத்திரிதான். வேலை காரணமாகப் பல பெண்களை அங்கே கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றிருக்கிறேன். கடந்த வருடம் அப்படி வந்தவர்தான் புதுக்குடியிருப்புப் பக்கத்து அக்கா ஒருவர். காலுக்குள் செல்துண்டு இருக்கிறது. கிளினிக் முடிய எல்லோரும் வெள்ளவத்தைக்குப் போய்ச் சீலை பார்க்கக் கேட்பார்கள். இந்த அக்கா கேட்டது வேறு.

"தங்கச்சி, பாவிச்ச மீற்றர் விக்கிற கடை எங்க இருக்கு?"

அவருடைய கணவர் வன்னியில் ரேடியோ திருத்தியவர். தொண்ணூறுகளில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது வாசகிகளுக்கு நினைவிருக்கும். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் செய்தி கேட்ட காலம். அக்கா பெடல் சுற்றுவார், கணவர் மீற்றர் பிடிப்பார். அப்படியே பார்த்துப் பார்த்து அக்காவும் பழகிவிட்டார். 2009 மாசியில் இடம்பெயர்ந்தபோது மீற்றர் பங்கருக்குள்ளேயே கிடந்துவிட்டது. அந்த வைகாசிக்குப் பிறகு கணவரைப் பற்றியும் தகவல் இல்லை.

எங்கள் வாழ்வாதாரப் படிவத்தில் தையல் இயந்திரம் உண்டு, கோழி உண்டு, ஆடு உண்டு. மீற்றருக்கு இடம் இல்லை. "இதில் எவ்வளவு வருமானம் வரும்?" என்று மேலே கேட்டார்கள். "வருமானத்துக்கில்லை, எனக்கு ஆசை" என்று அக்கா சொன்னதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? சமூகவியல் படித்த எனக்கும் தெரியவில்லை. அதனால் அவர் தன் சேமிப்பையே கொண்டுவந்திருந்தார்.

ஏற்கெனவே ஒருதரம் ஏமாந்தும் இருந்தார். ஊருக்குள் வந்த ஒரு வியாபாரியிடம் பழைய மீற்றர் ஒன்று வாங்கி, கிணற்று மோட்டர் வயரில் வைத்துப் பார்த்திருக்கிறார். முள் அசையவில்லை. மின்சாரம் இல்லையென்று வயரைப் பிடித்தவரை அது தூக்கி எறிந்துவிட்டது. வயரில் 230 வோல்ற் இருந்தது, மீற்றர்தான் செத்துப்போயிருந்தது. பிழையான மீற்றர் மீற்றர் இல்லாததைவிட ஆபத்து என்பதை அன்றுதான் அறிந்ததாகச் சொன்னார்.

களுபோவிலையிலிருந்து தெஹிவளைச் சந்திவரை ஓட்டோ. அங்கிருந்து 100ஆம் இலக்க பஸ். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று காலி வீதி நேரே போகும். கோட்டையை நெருங்கியபோது அக்காவுக்கு ஒரு கதை சொன்னேன். கொழும்பில் வானொலி தொடங்கியதே பாவித்த பொருளில்தான். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பரும் அவரோடு வேலை செய்தவர்களும், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களை வைத்து ஓர் ஒலிபரப்புக் கருவி செய்து, தந்தி அலுவலக அறையிலிருந்து இசைத்தட்டுப் பாட்டுகளைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார்கள். 1925 மார்கழியில் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அப்ப அவையளுக்கும் புதுச்சாமான் குடுக்க ஆக்கள் இல்லை" என்றார்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு முழுக்க மின்சாரச் சாமான்தான். வயர், பல்ப், ஸ்பீக்கர், சார்ஜர். நடைபாதையில் அக்காவால் விரைவாக நடக்க முடியவில்லை. வண்டில்காரர்கள் பின்னால் சத்தம்போட்டார்கள். ஒரு கடையில் பழைய மீற்றர் இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "தம்பிக்கா?" என்று கேட்டார். அக்கா, "எனக்கு" என்றார். பின்மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதும், ஆம்பிளை யாரையாவது கூட்டிவாருங்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா ஒன்றும் பேசாமல் மீற்றரை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். பக்கத்துக் கடைப் பொடியன்தான், கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான ஐயா தன் சாமான்களை விற்கிறார் என்று வழி சொன்னான்.

ஐயாவின் வீடு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள். நாற்பது வருடம் ரேடியோவும் ரிவியும் திருத்தியவர், இப்போது கண் தெரிவதில்லை. மேசையில் கறுப்பாக, பாரமாக ஓர் அவோமீற்றர். அம்பியர், வோல்ற், ஓம் மூன்றின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். 1923இல் பிரித்தானியத் தபால் திணைக்களப் பொறியியலாளர் டொனால்ட் மக்கடி, தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்துப்போய் மூன்றையும் ஒன்றாக்கியது. இது அதன் எட்டாம் மாதிரி, 1951 முதல் 2008 வரை செய்தார்கள். அக்காவுக்கு அதில் ஆசைதான். ஐயாவே தடுத்தார். "மகள், இதுக்குள்ள 15 வோல்ற் பற்றரி போடவேணும். உங்கட ஊரில எங்க தேடுவீங்க?"

பிறகு ஒரு சன்வா மீற்றரை எடுத்துத் தந்தார். விலை சொல்லமுன் சோதிக்கச் சொன்னார். அக்கா சோதித்த விதத்தை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். முதலில் மீற்றரைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் முள் எங்கும் சிக்குகிறதா என்று பார்த்தார். பின்மூடியைக் கழற்றினார். பற்றரி ஊறி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வேண்டாம். பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் செப்புக்கம்பி சுற்றியிருந்தால் வேண்டவே வேண்டாம். இரண்டு வயரையும் நீளத்துக்குத் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு வயரில் இருந்தது. ஐயா வேறு சோடி எடுத்துக் கொடுத்தார். ஓம் பக்கம் திருப்பி இரண்டு முனையையும் ஒன்றோடொன்று முட்டவைத்து, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். கைப்பையிலிருந்து புதுப் பற்றரி ஒன்றை எடுத்து அளந்தார். ஒன்றரை வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டியது. கடைசியாகச் சுவர் பிளக். முதலில் 1000 வோல்ற்றில் வைத்துவிட்டுத்தான் 250க்கு இறக்கினார். முள் 230க்குப் பக்கத்தில் நின்றது.

ஐயா இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். வயரில் மின்சாரம் இல்லையென்று நம்பமுன் மூன்று தரம் அளக்கவேண்டும். முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த பிளக்கில். பிறகு சந்தேகமான வயரில். பிறகு திரும்பவும் அந்தப் பிளக்கில். கடைசித்தரமும் காட்டினால்தான் நடுவில் காட்டியதை நம்பலாம். அக்கா அதைத் தன் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

மூலையில் ஓர் ஒசிலஸ்கோப் இருந்தது. அதை விற்பதில்லையாம். போட்டுக்காட்டுங்கோ என்று அக்கா கேட்டார். சூடாகச் சிறிது நேரம் எடுத்தது. பச்சையாக ஒரு கோடு வந்தது. "முனையை விரலால தொடுங்க மகள், பயமில்லை" என்றார் ஐயா. அக்கா தொட்டதும் கோடு அலையாக எழும்பியது. சுவருக்குள் ஓடுகிற மின்சாரம் செக்கனுக்கு 50 தரம் ஆடுகிறது, அந்த ஆட்டத்தை எங்கள் உடம்பு ஏரியல்போலப் பிடிக்கிறது என்று ஐயா விளங்கப்படுத்தினார். அக்கா விரலை எடுத்தார், கோடு படுத்தது. திரும்ப வைத்தார். எத்தனை தரம் அப்படிச் செய்தார் என்று நான் எண்ணவில்லை. பிளேன்ரீ ஆறிப்போனது.

ஐயா கேட்டது 4,500 ரூபா. அக்கா பேரம் பேசி 4,000 கொடுத்தார். பஸ்ஸில் மீற்றரைத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

அன்றிரவு களுபோவிலையில் நாங்கள் தங்கிய அறையில் பான் சுற்றவில்லை. வீட்டுக்கார அம்மா பாஸைக் கூப்பிடவேண்டும் என்றார். அக்கா மேசை விளக்கு எரிகிற பிளக்கில் முதலில் அளந்தார்.