ஃபார்மட் பண்ணச் சொன்னால்…

2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது நினைவிருக்கும். ஆரம்பத்தில் வந்த பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன.

திருவொற்றியூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், இடம் போதவில்லையென்று லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்துவிட்டான். அடுத்த முறை போட்டால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் வந்தது. கடையில், “ஃபார்மட் பண்ணணும், எல்லாம் போயிடும்” என்றார்களாம். உள்ளே அவனுடைய காலேஜ் புராஜெக்ட். காலமான அப்பாவின் போட்டோக்கள். அவன் அம்மா கலங்கிப் போனார்.

விஷயம் இதுதான். அந்த வகை மெஷினில் ஹார்டு டிஸ்கின் முதல் 512 பைட்டில் 446 பைட்தான் தொடக்க நிரல். அது தன் மீதிப் பாகத்தை லினக்ஸ் பார்ட்டிஷனில் தேடும், இல்லையென்றால் நின்றுவிடும். ராயபுரத்தில் பாயின்ட் கோளாறானால் கூட்ஸ் வண்டி நிற்கும். வேகனில் இருக்கும் சரக்குக்கு ஒன்றும் ஆகாது. அப்படித்தான்.

விண்டோஸ் டிஸ்க்கைப் போட்டு, ரிப்பேர் பகுதிக்குப் போய், ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ் எம்பிஆர்’ சேர்த்துக் கொடுத்தேன். அது தொடக்க நிரலை மட்டும் மாற்றி எழுதும். பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது. விண்டோஸ் வந்தது, போட்டோக்களும் இருந்தன.

பார்ட்டிஷனில் கை வைக்கும் முன் முக்கியமானதைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். யாராவது ஃபார்மட் என்றால் உடனே தலையாட்டாதீர்கள்.