சராசரியோடு நின்றுவிடாதீர்கள்

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுப்பவன் நான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் எட்டாவது பாடம். அதுவே கடைசிப் பாடமும். அதைப் படித்துவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரிகிறது. எண்களைக் கொடுத்தால் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம் எல்லாவற்றையும் மளமளவென்று போட்டு, விடைக்கு அடியில் கோடும் இழுத்துவிடுவார்கள். "சரிப்பா, இந்த விடை என்ன சொல்லுது?" என்று கேட்டால் பதில் வராது. பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதையே அவர்களுக்கு நாம் காட்டவில்லை.

அதனால் தொடக்க வகுப்புகளில் சூத்திரத்தைத் தொடுவதில்லை. கரும்பலகையில் இரண்டு வரிசை எழுதுவேன். இரண்டு வகுப்புகளில் ஐந்தைந்து பேர் வாங்கிய மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் 48, 49, 50, 51, 52. இரண்டாவதில் 10, 30, 50, 70, 90. கூட்டுச் சராசரி இரண்டுக்கும் 50. வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலை அளவும் இரண்டுக்கும் 50. இதை மட்டும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தால், இரண்டு வகுப்பும் ஒன்றுபோலவே இருப்பதாகத்தான் அவர் நினைப்பார். ஆனால் உள்ளே போய்ப் பாடம் நடத்துகிறவருக்கு அப்படியில்லை. முதல் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடத்தலாம். இரண்டாவதில் 10 வாங்கிய பிள்ளையைச் சாயங்காலம் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும்; 90 வாங்கியவருக்கு வேறு கணக்கு தேடித் தர வேண்டும்.

இந்த வித்தியாசத்தை ஓர் எண்ணால் சொல்ல முடியுமா? "வீச்சு பார்த்தாலே தெரிஞ்சிடுமே சார்" என்று யாராவது சொல்வார்கள். சரிதான், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் ஒன்றில் 4, மற்றதில் 80. ஆனால் வீச்சு பார்ப்பது இரண்டு ஓரங்களை மட்டும். நடுவில் இருப்பவர்கள் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அப்படியானால் ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்று பார்த்துக் கூட்டலாமே என்பார்கள். கூட்டச் சொல்வேன். -40, -20, 0, 20, 40. பூஜ்யம். முதல் வரிசையைக் கூட்டினாலும் பூஜ்யம். தாங்களே வேறு எண்களை வைத்துப் பார்ப்பார்கள், அப்போதும் பூஜ்யம். கூடுதலும் குறைவும் சரிக்குச் சரியாகும் இடத்தைத்தான் சராசரி என்கிறோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். ஒவ்வோர் ஆண்டும் நான் காத்திருக்கும் நேரம் இது.

பிறகு வழி தானாகக் கிடைக்கும். குறி போவதற்காக விலக்கங்களை வர்க்கப்படுத்துகிறோம். அவற்றின் சராசரியை எடுக்கிறோம். மீண்டும் மதிப்பெண்ணின் அலகுக்கே திரும்பி வர வர்க்கமூலம் காண்கிறோம். முதல் வகுப்புக்கு 1.41, இரண்டாவதுக்கு 28.28. இருபது மடங்கு! திட்ட விலக்கம் என்று 1890-களில் கார்ல் பியர்சன் பெயர் வைத்த அளவை இதுதான். தேவை என்ன என்று தெரிந்தபின் கற்ற சூத்திரத்தை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சராசரிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. ஒரு பனியன் பட்டறையில் ஒன்பது பேருக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம், முதலாளி எடுத்துக்கொள்வது 3 லட்சம் என்றால், பத்துப் பேரின் சராசரி 43,500. அந்தத் தொகையை அங்கே எவருமே வாங்கவில்லை. இடைநிலை அளவு 15,000. நிலவரத்தைச் சொல்வது அதுதான். வருமானக் கணக்கு எங்கே வந்தாலும் இடைநிலை அளவைத் தேடுங்கள் என்று மாணவர்களிடம் அழுத்தியே சொல்கிறேன். முகடு இதைவிட எளிது: சட்டைக் கடைக்காரர் எந்த அளவை அதிகம் வாங்கி அடுக்குகிறாரோ அதுதான்.

எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற பரவலைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை மழை காட்டும். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். லண்டனில் பெய்வதைவிட இரண்டு மடங்கு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஆண்டுச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு! ஊர் மூழ்கியது. அதே ஊருக்கு 2019-ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டுபோக, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. 1,400 என்ற எண்ணில் இந்த இரண்டும் தெரியாது. நகரத்துக்கு எவ்வளவு பெரிய ஏரி வேண்டும், எவ்வளவு அகலமான வடிகால் வேண்டும் என்பதற்குப் பரவலைத்தான் கேட்க வேண்டும்.

பரவலைப் பார்ப்பது ஒரு மனிதருக்கு உயிர் விஷயத்திலும் உதவியிருக்கிறது. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-ல், நாற்பது வயதில், வயிற்றில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் இருப்பது தெரிந்தது. மருத்துவ நூலகத்துக்குப் போய்த் தேடினார். நோய் தெரிந்தபின் வாழும் காலத்தின் இடைநிலை அளவு எட்டு மாதம் என்றிருந்தது. எட்டு மாதத்தில் செத்துவிடுவோம் என்றுதான் யாரும் படிப்பார்கள். கூல்டு புள்ளியியல் அறிந்தவர். பாதிப் பேர் எட்டு மாதத்துக்கு மேல் வாழ்கிறார்கள் என்று படித்தார். கீழ்ப்பாதிக்கு இருக்கும் இடம் பூஜ்யத்துக்கும் எட்டுக்கும் நடுவில் மட்டுமே. மேல்பாதிக்கு அப்படி எல்லை கிடையாது, ஆண்டுக்கணக்கில் நீளலாம். வலப்பக்கம் வால் நீண்ட இந்த அமைப்பைத்தான் பாடத்தில் நேர்க் கோட்டம் என்று படிக்கிறோம். தன் வயது, நோய் சீக்கிரமே தெரிந்தது, கிடைத்த சிகிச்சை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, அந்த வாலில் தனக்கு இடமிருக்கும் என்று நம்ப அவருக்குக் காரணம் கிடைத்தது. 1985-ல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதினார். 2002 வரை வாழ்ந்தார். இறந்தது வேறொரு புற்றுநோயால். அவரைப் பிழைக்க வைத்தது இடைநிலை அளவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எண்ணைச் சரியாகப் படித்ததால் அன்று அவர் மனம் உடையவில்லை.

பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புள்ளியியலுக்கு இன்னும் இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். புத்தகத்து எண்களோடு, உங்கள் ஊரில் பத்தாண்டு பெய்த மழையளவையும் வாங்கிவந்து கொடுங்கள். பிள்ளைகள் முதலில் அதை ஒரு கோட்டின்மேல் புள்ளிகளாக வைத்துப் பார்க்கட்டும். எங்கே குவிகிறது, எங்கே சிதறுகிறது, எது தனித்து நிற்கிறது என்று வாயால் சொல்லட்டும். சூத்திரத்தை அதற்குப் பிறகு எழுதிப் போடுங்கள்.