பத்துப் பொருத்தம்

2016-ல் ஒரு சனிக்கிழமை. சீட்டு எடுத்த பணத்தோடு ரிச்சி தெருவுக்குப் போய், பார்ட் பார்ட்டாக வாங்கி வந்து, கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண உட்கார்ந்தேன். "நாமே பண்ணினா காசு மிச்சம்" என்று மனைவியிடம் ஏகத்துக்கு ஜம்பம் வேறு!

மதர்போர்டில் இன்டெல் ஹெச் 110 சிப்செட். போடப் போனது, கைவசமிருந்த விண்டோஸ் 7. முதல் திரை வந்தது. மவுஸ் நகரவில்லை. கீபோர்டும் கப்சிப். பயாஸுக்குள் போனால் மட்டும் கீபோர்டு ஜம்மென்று வேலை செய்கிறது! திங்கட்கிழமைக்குள் நண்பர் கடையின் கணக்கை முடித்துத் தந்தாக வேண்டும். எனக்கு வியர்த்துவிட்டது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். சிரித்தார். "செவன் வந்தது 2009-ல, இந்த சிப்செட் வந்தது 2015-ல சார். இதுல எல்லா யு.எஸ்.பி.யும் புது கன்ட்ரோலர் வழியாத்தான். அதுக்கு டிரைவர் செவன் டிஸ்க்குல கிடையாது. பழைய உருண்டை பின் கீபோர்டு இருந்தா மாட்டுங்க."

பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி மாட்டினேன். உயிர் வந்தது! பிறகு போர்டோடு வந்த சி.டி.யிலிருந்து டிரைவரைப் போட்டதும் மவுஸும் ஓடியது.

மனைவி கேட்டாள்: "என்னைக் கட்டிக்க பத்துப் பொருத்தம் பாத்தீங்களே, இதுக்கு ஒண்ணுகூடப் பாக்கலியா?"

விண்டோஸ் 7-க்கான சப்போர்ட் 2020 ஜனவரியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ டி.பி.எம். 2.0 இருக்கிறதா என்று கேட்கிறது. காசு கொடுக்குமுன் போர்டு கம்பெனியின் டிரைவர் பட்டியலில் உங்கள் விண்டோஸ் இருக்கிறதா என்று பாருங்கள் சார். ஜாதகம் அங்கேதான் இருக்கிறது!