காற்றறிந்து கரை தேடுவோம்

நமது தீவைச் சூழ்ந்து கிடக்கும் கடல் பார்வைக்கு ஒன்றேயெனினும், இயல்பில் அஃது இரண்டு கடல்களாகும். ஆடி மாதத்தில் காலிக் கரையைக் கண்டவர் அதன் சீற்றத்துக்கு அஞ்சிக் கால் நனையாமலே திரும்புவர். அதே நாளில் நிலாவெளியிற் குளித்தவரோ, அது கடலன்று, பெரியதொரு குளமே என்று சொல்லக்கூடும். மார்கழியில் இவ்விருவரும் இடம் மாறி நின்றால், இவர்தம் கூற்றுகளும் இடம் மாறிவிடும். ஆதலின், விடுமுறைக்குக் குடும்பத்துடன் கடற்கரை செல்ல எண்ணுவோர், எந்தக் கரை அழகானது என்று ஆராயுமுன், தாம் செல்லும் மாதத்தில் எந்தக் காற்று வீசும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. நம் வடபுலக் கடலோடிகள் இதனைச் சோழகம் என்பர். அக்காலத்தில் மேற்குக் கரையும் தென்கரையும் கொந்தளிக்க, மலைநாட்டின் மறைவிற் கிடக்கும் கிழக்குக் கரை அமைதியுற்றிருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, அதாவது வாடை வீசும். அப்பொழுது நிலைமை தலைகீழாகும். இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரு கரைகளும் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஒக்டோபரும் நவெம்பரும் அத்தகையனவல்ல. வங்காள விரிகுடாவிலே தாழமுக்கம் தோன்றிச் சூறாவளியாகத் திரளும் பருவம் அது. 1978 நவெம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை முதியோர் மறவார். 2025 நவெம்பர் இறுதியில் நாடெங்கும் வெள்ளமும் மண்சரிவும் விளைத்த டித்வா புயலை எவரும் மறவார்.

இந்தப் பஞ்சாங்கத்தை நம் மீனவர் ஏட்டிற் படித்தறிந்தவரல்லர். நீர்கொழும்பு முதலான மேற்குக் கரை ஊர்களின் மீனவர் பலர், சோழகம் கிளம்பியதும் வள்ளத்தையும் வலையையும் எடுத்துக்கொண்டு முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலை ஆகிய கரைகளுக்குச் சென்று வாடியடித்துத் தொழில் புரிவது நெடுங்கால வழக்கம். அதனால் எழும் பிணக்குகள் வேறு கதை. கடலை நம்பி உண்பவனே பருவத்துக்கேற்பக் கரை மாறுகிறான் என்றால், ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளோடு புறப்படும் நாம் மாத்திரம் மாறாதிருப்பது எங்ஙனம்?

பாடசாலை விடுமுறைகள் பொதுவாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வருவன. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கிழக்கே செல்லுதல் வேண்டும். யாழ்ப்பாணத்து இல்லத்தரசியர், நல்லூர்த் தேர் காணாமல் ஊரை விட்டு அசையமாட்டார் என்பது உண்மையே. திருவிழா முடிந்தபின் புறப்பட்டாலும் கிழக்குக் கடல் காத்திருக்கும். செப்டெம்பர் நடுப்பகுதியிலும் அங்கே நீர் தெளிவாகவே இருக்கும்.

திருகோணமலையை யாம் முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு குடும்பத்தில் பாட்டிக்கு வேண்டியது கோயில். தாய்க்கு வேண்டியது நிழலும் ஓய்வும். தந்தைக்கு வேண்டியது செலவு குறைவு. பிள்ளைகளுக்கு வேண்டியது சுறா மீன். இத்தனை பேரையும் ஒரே ஊரில் வைத்து மகிழ்விக்கவல்ல கடற்கரை நகரம் இலங்கையில் இதைப்போல் இன்னொன்றில்லை என்பது எமது கருத்து. உப்புவெளியும் நிலாவெளியும் சரிவு மென்மையான மணற்கரைகள். நிலாவெளிக்கு எதிரே ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்திற் புறாத்தீவு உள்ளது. மாடப்புறாக்கள் தங்கும் பாறைத்தீவு ஆதலின் இப்பெயர் பெற்றது. 2003ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்காவாக விளங்குவதால் நுழைவுக் கட்டணம் உண்டு. வள்ளக் கூலி வேறு. அங்கே கரையோர நீரிலேயே முருகைக்கற்களையும் வண்ண மீன்களையும் காணலாம். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் வளைய வரும். அவை மனிதரைக் கண்டு ஒதுங்கும் இயல்பின. தீவில் நிழல் மிகக் குறைவு. ஆதலின் காலையிலே சென்று, வெயில் ஏறுமுன் திரும்புதல் நன்று. முருகைக்கல் உயிருள்ள பொருள் என்பதைப் பிள்ளைகளுக்கு வள்ளத்தில் ஏறுமுன்பே சொல்லிவைக்க வேண்டும். நீரில் இறங்கியபின் சொன்னால் எவர் காதிலும் விழாது. களைத்த பிள்ளை அதன் மேலேயே காலை ஊன்றி நிற்கும். பல்லாண்டு வளர்ந்தது ஒரு மிதியில் ஒடியும், காலும் கிழியும்.

மாலை வேளைக்குத் திருக்கோணேஸ்வரம். செங்குத்தான சுவாமி மலையின் மேல், மூன்று பக்கமும் கடல் சூழ நிற்கும் அப்பாடல் பெற்ற தலத்துக்குப் பாட்டியை அழைத்துச் செல்ல வெயில் தாழ்ந்த பொழுதே ஏற்றது. நகருக்கு அண்மையில், அனுராதபுரம் செல்லும் வீதியருகே கன்னியா வெந்நீரூற்றுகள் ஏழும் உள. வெம்மையில் அவை ஒன்றுக்கொன்று வேறுபடுவன. உப்பு நீரில் ஊறிய உடம்புக்கு அங்கு வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளும் வெந்நீர் தரும் சுகம் தனி.

இனி, தவழும் குழந்தையும் நீச்சல் அறியாத சிறாரும் உள்ள குடும்பத்தார்க்குப் பாசிக்குடா. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனைக்கு அருகே, பிறைபோல் வளைந்த குடா அது. பாசி நிறைந்த குடா என்பதே பெயரின் பொருள். வெளிப்புறத்தே முருகைக்கற்பார் அலையைத் தடுத்து நிற்பதால், நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவே இருக்கும். 1978 சூறாவளி, போர், 2004 ஆழிப்பேரலை என ஒவ்வொன்றாலும் அடிபட்ட இவ்வூர், 2009இன் பின்னரே மீண்டும் விடுதிகள் நிறைந்ததாயிற்று. எனினும் ஓர் எச்சரிக்கை: பாசிக்குடாவின் பக்கத்தே கிடக்கும் கல்குடாக் கரை அவ்வாறு அடைபட்டதன்று. அங்கே ஆழமும் இழுவையும் மிகுதி. பாசிக்குடாவில் மாலைவரை விளையாடிப் பழகிய பிள்ளை, கல்குடாவிலும் அதே துணிவுடன் ஓடிச்சென்று பாயும். தாய் தந்தையர் கவனமாயிருக்க வேண்டிய இடம் அதுவே.

பொத்துவிலுக்கு அருகேயுள்ள அறுகம்குடா, அலைமேற் பலகையில் மிதந்து வரும் இளைஞர்க்குரியது. உலகின் பல நாடுகளிலிருந்தும் அதற்காக வருகிறார்கள். சிறு பிள்ளைகளோடு குளிக்கச் செல்வோர்க்கு நாம் அதைப் பரிந்துரைக்கமாட்டோம். கதிர்காம யாத்திரிகர் தங்கிச் செல்லும் உகந்தை முருகன் கோயிலைக் காண அவ்வழியே செல்வோர், கரையில் அமர்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

டிசெம்பர் விடுமுறையிலே தெற்கு நோக்க வேண்டும். கொழும்பிலிருந்து காலி வரை செல்லும் புகையிரதப் பயணமே ஒரு சுற்றுலா; பல இடங்களிற் பாதைக்கும் அலைக்கும் இடையே சில அடி தூரமே இருக்கும். போகும்போது வலப்பக்க யன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். காலிக்கு அருகேயுள்ள உனவட்டுன, தலைநிலம் காக்கும் சிறு குடா. குளிக்க நல்லது, கூட்டம் மிகுதி. பிள்ளைகள் வரலாறு படிப்பவராயின் காலிக் கோட்டைக்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். 1640இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிப் பின்னர் விரித்துக் கட்டிய அக்கோட்டை, 1988இல் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாயிற்று. மதில் மேல் நடந்து செல்லக் கட்டணமில்லை.

ஹிக்கடுவையில் கண்ணாடித் தளமிட்ட வள்ளங்களில் ஏறி முருகைக்கல் பார்க்கலாம். ஆனால் 1998இல் கடல் நீர் வெம்மையுற்றபோது அங்குள்ளவற்றிற் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. பழைய படங்களைப் பார்த்துவிட்டுச் செல்வோர் ஏமாறுவர். ஆமைகள் மட்டும் கரைக்கு அண்மையிலே இன்றும் வருகின்றன. அதற்குச் சில கிலோமீற்றர் வடக்கே பெரலியவில், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை புகையிரதம் ஒன்றைக் கவிழ்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அங்கே நினைவுத்தூபி உள்ளது. பின்னர் இக்கரையை ஆராய்ந்தோர், முருகைக்கற்பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை சிறிதே உட்புகுந்ததையும், சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழப்பட்டிருந்த பெரலியப் பகுதியில் அது ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் சென்றதையும் கண்டறிந்தனர். மாணவர்க்கு இதனை அந்த இடத்திலேயே நின்று விளக்கினால், எந்தப் பாடநூலும் தராத அறிவு கிட்டும்.

மிரிஸ்ஸவிலிருந்து நீலத் திமிங்கிலம் காணக் கப்பலேறுவோர், அதிகாலையிற் புறப்பட்டுப் பல மணி நேரம் திறந்த கடலில் அலைய வேண்டியிருக்கும். குமட்டல் உள்ளோர் கரையில் இருத்தலே மேல்.

ஏப்ரலில் இரு கரைகளும் இணக்கமாயிருப்பினும், புத்தாண்டை ஒட்டி வண்டிகளில் இடமும் விடுதிகளில் அறையும் கிடைப்பது அரிது. அப்போது வடபுலத்தை எண்ணிப் பார்க்கலாம். காரைநகரின் கசூரினாக் கடற்கரை நெடுந்தூரம் ஆழமற்றது. சவுக்க மர நிழலும் உண்டு. கீரிமலையில் கடலோரமே ஊறும் நன்னீர்க் கேணி இருக்கிறது. தீவுகளுக்குச் செல்ல விரும்பின், ஒரு நாளைக்கு ஒரு தீவு என்பதே எமது யோசனை. குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு சிறு தொலைவு. நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளையும், மேய்ந்து திரியும் குதிரைகளையும், தடித்த பெருக்கு மரத்தையும் ஆறுதலாகப் பார்க்க வேண்டாமா? துறையில் இறங்கியதும் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காற்றுப் பலத்த நாள்களிற் படகு நிறுத்தப்படுவதும் உண்டு.

எக்கரையாயினும், நீரில் இறங்குமுன் கால் மணி நேரம் மேட்டில் நின்று கடலைப் பார்த்தல் நன்று. நம் தீவில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவே. அதனால் வரும் தீங்கு சிறிது. உயிரைக் கொள்வது இழுவை நீரோட்டம். கரையில் மோதிய அலைநீர், மணல்திட்டின் இடைவெளி வழியே ஒடுங்கி விரைந்து கடலுக்குத் திரும்பும். அவ்விடத்தில் அலை உடையாது; நீர் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தோன்றும். அறியாதோர் அதனையே பாதுகாப்பான இடமெனக் கருதி இறங்குகின்றனர். அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து அமிழ்வர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டம் விட்டுவிடும். பின்னர் அலையோடு கரை சேரலாம். நீந்த இயலாதவர் மிதந்துகொண்டு கையுயர்த்திக் கூவ வேண்டும். கரையில் நிற்போர் தாமும் பாய்ந்துவிடாமல், மிதக்கக்கூடிய எதையேனும் எறிந்து, உயிர்காப்பாளரையோ மீனவரையோ அழைக்க வேண்டும். காப்பாற்றப் போய் மாண்ட தந்தையரும் அண்ணன்மாரும் நம் நாட்டிற் பலர். களப்பின் முகத்துவாரத்தில் எப்பருவத்திலும் குளித்தலாகாது. செங்கொடி பறந்தால், எத்தனை தூரம் பயணஞ் செய்து வந்திருந்தாலும் அன்று மணல்வீடு கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு கிழமை விடுமுறையில் தீவு முழுவதையும் சுற்றிவர முனைவோரைப் பார்க்கிறோம். அவர்கள் காண்பது பெரும்பாலும் வாகனத்தின் முன்கண்ணாடியையே. ஓர் ஊரில் நான்கு நாள் தங்கி, காலையிற் கடல், நண்பகலில் உறக்கம், மாலையில் அருகிலொரு கோயிலோ கோட்டையோ என்று வகுத்துக்கொண்டால் பணமும் மிஞ்சும், பிள்ளைகளும் அழமாட்டார்கள். விடுதிக்கு முற்பணம் அனுப்புமுன், அங்கே தொலைபேசியில் ஒன்றைக் கேளுங்கள்: "உங்கள் ஊர் வள்ளங்கள் இந்த மாதம் கடலுக்குப் போகின்றனவா?" போகின்றன என்று சொன்னால், பெட்டியைக் கட்டலாம். தலைக்குத் தொப்பியும், குடிக்கத் தண்ணீரும், முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சாதப் பொதியும் வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள்.