கடற்காவலுக்கு எந்த விமானம்?

அண்ணாமலையின் அடிவாரத்தில் குடியிருக்கும் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரான நமக்கும், கடலோரக் காவல் படையின் ஆகாய விமானங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடலைப் பார்க்க வேண்டுமானால் நம்மூர்க்காரர் புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனால் வரி கொடுப்பதற்குக் கடற்கரையில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாதே! நமது பணத்தில் வாங்கும் விமானம் எதற்காக, எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று யோசிக்க நமக்கும் பாத்தியதை உண்டு.

வகுப்பில் ஒரு நாள் இந்தப் பேச்சு எழுந்தபோது, ஒரு பையன், "ஸார், இருப்பதிலேயே வேகமான விமானத்தை வாங்கிவிட்டால் போகிறது!" என்றான். வகுப்பு முழுவதும் அதை ஆமோதித்தது. நாம் பதில் சொல்லாமல் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். கவிழ்ந்த படகிலிருந்து ஒருவனைக் காற்றும் நீரோட்டமும் எந்தத் திசையிலும் 50 கிலோமீட்டர் வரை இழுத்துப் போயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், தேட வேண்டிய பரப்பு சுமார் 7,850 சதுர கிலோமீட்டர். நமது ஜில்லா முழுவதுமே சுமார் 6,190 சதுர கிலோமீட்டர்தான்! தூரம் நூறானால் பரப்பு இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதற்குள் தேடுவதோ அலைகளுக்கு நடுவே தெரியும் ஒரு மனிதத் தலையை. வகுப்பில் சத்தம் அடங்கிவிட்டது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, எத்தனையோ மீனவர் குடும்பங்கள் கரையில் நின்று கடலையும் வானத்தையும் பார்த்துக் காத்திருந்தன. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

ஆகவே கடற்காவல் விமானத்துக்கு முதல் லட்சணம் வேகம் அன்று. தாழப் பறந்து, வெகுநேரம் சுற்றிச் சுற்றித் தேடும் பொறுமை. ஜெர்மானியர் வகுத்த டார்னியர் விமானத்தை நமது காவல் படை பல்லாண்டுகளாக நம்பி வந்திருப்பதற்கு இதுவே காரணம். இரண்டு எஞ்சின் கொண்ட இந்தச் சிறு விமானத்தை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கான்பூரில் கட்டுகிறது. ஆனால் டார்னியர் கண்டுபிடிக்கும், தூக்கி எடுக்காது. அதற்கு ஓரிடத்தில் நின்று கயிறு இறக்கும் ஹெலிகாப்டர் வேண்டும். 2022 நவம்பரில் சென்னையில் துருவ் ஹெலிகாப்டர் அணி ஒன்று தொடங்கப்பட்டது இதற்கு உதவத்தான். இன்னும் தொலைவு செல்ல, ஸி-295 என்ற பெரிய விமானத்தை ஆதாரமாகக் கொண்ட ஆறு விமானங்களைக் காவல் படைக்கு வாங்க 2024 பிப்ரவரியில் அநுமதி கிடைத்தது.

2023 ஜூலையில் இரண்டு புதிய டார்னியர்களுக்குச் சுமார் 459 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாயிற்று. "பழைய மாதிரிக்கா இவ்வளவு விலை?" என்று மலைக்க வேண்டாம். உடல் பழைய மாதிரி, கண்கள் புதியவை. கடலைத் துழாவும் ராடாரும், இருளில் வெப்பத்தை உணரும் கருவியும் அதில் உண்டு. கார்த்திகைத் தீபம் மலையுச்சியிலிருந்து நெடுந்தூரம் தெரிகிறது. கடலில் மிதப்பவன் தீபம் ஏற்ற முடியாது. அவன் உடம்பின் சூடுதான் அவனுடைய தீபம். அதைக் காணும் கண்ணுக்கு விலை மதிக்க முடியுமா?

தேடப் போகிறவர்களும் மனிதர்களே என்பதை நாம் மறக்கலாகாது. 2015 ஜூன் 8-ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்பிய டார்னியர் ஒன்று மூன்று பேருடன் கடலில் மறைந்தது; ஒரு மாதத்துக்கு மேல் தேடிய பிறகே அதன் சிதைவுகள் ஆழ்கடலில் அகப்பட்டன. 2024 செப்டம்பரில், கப்பலில் காயமுற்ற ஒருவரை மீட்கச் சென்ற துருவ் போர்பந்தருக்கு அருகே கடலில் விழுந்து மூவர் மாண்டனர். 2025 ஜனவரியில் அதே ஊரில் இன்னொரு துருவ் விழுந்து மேலும் மூவரைப் பலிகொண்டது.

புதிய விமானம் வரும் நாளில் மாலை மரியாதைகள் நடக்கின்றன. தேய்ந்த பாகத்தை உரிய காலத்தில் மாற்றும் நாளில் யார் மாலை போடுகிறார்கள்? உயிரைக் காப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது நாள்தான். இனி அடுத்த விமானம் வாங்கும் செய்தி பத்திரிகையில் வரும்போது, அதன் வேகத்தை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். எவ்வளவு நேரம் கடல்மேல் நிற்கும்? இரவில் என்ன காணும்? ஓட்டிப் போகிறவன் வீடு திரும்புவானா? இந்த மூன்று கேள்விகளையும் கடற்கரையோரம் வசிக்காத நாமும் கேட்போமாக.