வந்தவரும் பிறந்தவரும்

கடைசியாகத் தேசூர் போயிருந்தபோது, சித்தப்பாவின் மகள் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ண்ணா, நீதான் எதையெதையோ படிக்கிறியே. எங்க பாப்பா எந்த நாட்டுப் புள்ளன்னு பாத்து சொல்லு" என்றாள். வேடிக்கையாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் உறைக்குள் காகிதங்கள் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அரசு மருத்துவமனையில் பிறந்ததற்கான சான்றிதழ், திருமணப் பதிவு, தங்கையின் வாக்காளர் அட்டை, அவள் கணவரின் முகாம் அட்டையின் நகல்.

மாப்பிள்ளை 1991இல் எங்கள் மாவட்டத்து முகாம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். முகாமில் வளர்ந்த பல இளைஞர்களைப் போலவே படிப்பு முடித்தும் பெயின்ட் அடிக்கும் வேலைக்குத்தான் போனார். அப்படித்தான் சித்தப்பா வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தார். கூடத்தில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டு நெசவில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தீர்ந்துபோன பாவின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். வேலை முடிந்த மாலையில் அவரும் உட்கார்ந்து பிணைக்கக் கற்றுக்கொண்டார் என்று சித்தப்பா பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கல்யாணப் பேச்சு வந்தபோது மட்டும் அந்தப் பெருமையைக் காணோம். வீட்டில் சாதியைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். குடியுரிமையைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. தமிழர் வீடுகளில் எதற்குக் கவலைப்படுவது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

2017இல் திருமணம். 2019இல் பாப்பா. தறி தேசூரில் இருப்பதால் தங்கை இங்கே; முகாமில் ஆள் சரிபார்ப்புக்கு (அவர்கள் 'செக்கிங்' என்கிறார்கள்) இருந்தாக வேண்டும் என்பதால் அவர் அங்கே. வாரக் கடைசியில் வந்துபோவார்.

அன்றிரவு குடியுரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1955ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தாராளமாகத்தான் இருந்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் இந்தியரே. அதன் பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்றாயிற்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்தபோது இன்னொரு கதவும் அடைபட்டது: ஒருவர் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவர் பதிவு செய்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெறவும் வழியில்லை. குண்டுக்குத் தப்பிப் படகேறியவர்கள் எந்த அலுவலகத்தில் முத்திரை வாங்கியிருக்க முடியும்?

மாப்பிள்ளை எந்த எல்லையையும் தாண்டியவரல்லர். தாய் வயிற்றிலிருந்து நேரே இந்த மாவட்டத்துக்கு வந்தவர். ஆனாலும் பெற்றோரின் நிலையே அவருக்கும் என்றுதான் நிர்வாகம் நடத்துகிறது. அப்படியானால் வாக்காளர் அட்டை வைத்திருக்கும் என் தங்கையின் மகளும் இந்தியக் குடிமகள் ஆகமாட்டாள். இதை எப்படி அவளிடம் சொல்வது என்று அன்றிரவு எனக்குத் தெரியவில்லை.

ஒரு தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் அவர் வாக்களித்தார். நம் மாப்பிள்ளை நான்கைந்து ஆண்டுகள் தாமதமாகப் பிறந்துவிட்டார், அவ்வளவுதான்.

இந்த விநோதம் நமக்கு மட்டும் உரியதல்ல. கரும்புத் தோட்டங்களுக்கு ஹெய்ட்டியிலிருந்து ஆள் கொண்டுவந்த டொமினிக்கன் குடியரசில், 2013இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. முறையான ஆவணம் இல்லாத பெற்றோருக்கு 1929 முதல் பிறந்தவர்கள் குடிமக்களே அல்லர் என்றது. பாட்டிகளும் பேத்திகளும் ஒரே நாளில் அந்நியரானார்கள். உலகம் கண்டித்த பின் 2014இல் ஒரு சட்டம் வந்தது. அதுவும் எல்லோரையும் மீட்கவில்லை. இதைப் படித்தபோது 1948இல் இலங்கை மலையகத் தமிழருக்குச் செய்தது நினைவுக்கு வராமலிருக்குமா? கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு உறவுமுறைதான். நம் முகாம்களிலும் அந்த மலையக வம்சத்தினர் கணிசமாக இருக்கிறார்கள்.

2019இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெளியே பதிவு செய்து வசிப்பவர்கள் தனி. தமிழக அரசு 2021இல் பணக்கொடையை உயர்த்தியது, வீடுகள் கட்ட முனைந்தது, முகாமின் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல காரியங்கள், குடியுரிமை மட்டும் மாநிலத்தின் கையில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டு இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்று மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்களித்தது. தண்டிக்கத் தகாதவரைக் 'சட்டவிரோதம்' என்று ஏன் தொடர்ந்து எழுத வேண்டும்? அதே விலக்கைக் குடியுரிமைச் சட்டத்துக்கும் நீட்டினால் போதும். ஊர் திரும்ப விரும்புவோர் திரும்பட்டும், விரும்புவோர் விண்ணப்பிக்கட்டும். 1991க்குப் பிறகு எழுந்த பாதுகாப்புக் கவலையை நான் மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தை ஒவ்வொன்றாக விசாரிப்பது வேறு, பிறந்த குழந்தை வரை எல்லோரையும் சேர்த்து மறுப்பது வேறு.

இந்தியா ஒன்றும் சத்திரம் அல்ல என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் கூறியது. சரி, சத்திரம் அல்லதான். முப்பத்தைந்து ஆண்டுகள் தங்கி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் எடுத்தவரை வழிப்போக்கர் என்று நானும் சொல்லமாட்டேன்.

சித்தப்பாவிடம் மந்தசோர் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். ஐந்தாம் நூற்றாண்டில் குஜராத்தின் லாட தேசத்திலிருந்து புலம்பெயர்ந்த பட்டு நெசவாளர்கள், போன ஊரில் 437இல் சூரியனுக்குக் கோயில் கட்டி, 473இல் அதைச் செப்பனிட்டதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சிலர் நெசவிலேயே இருந்தார்கள், சிலர் வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் போனார்கள். ஆரணிப் பக்கம் சௌராஷ்டிர நெசவாளர்களும் அப்படி எங்கிருந்தோ வந்தவர்கள்தானே. சித்தப்பா கேட்டுவிட்டு, "நம்ம தாத்தாவும் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவருதான்டா, அவர்கிட்ட யாரு காயிதம் கேட்டான்?" என்றார்.

மறுநாள் செக்கிங். மாப்பிள்ளை மாலைப் பேருந்துக்குக் கிளம்பினார். உறையைத் திருப்பிக் கொடுத்தபோது, படித்ததை மறைக்காமல் சொன்னேன். தங்கை ஒன்றும் பேசவில்லை. அவர்தான், "எனக்குத் தெரியும் மச்சான். நீங்க வேற மாதிரி எதாவது கண்டுபிடிப்பீங்களோன்னு அவதான் நினைச்சா" என்றார். பாப்பா தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து, கழித்துப் போட்ட பட்டு நூல்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வரும்போது பென்சில் பெட்டி வாங்கிவரச் சொன்னாள்.